மதப் பெரியவர்கள் வழிகாட்டாவிட்டால் சமூகத்தில் ஒழுக்கம் எங்கிருந்து வரும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: "யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் போதைப்பொருள், களவு, குடும்பப் பிரிவு எல்லாம் கூடிவிட்டன. கோவிலும் சேர்ச்சும் சொல்வதை மக்கள் கேட்டு நடந்தால் இது வந்திருக்குமா? மதம் இல்லாத இடத்தில் ஒழுக்கம் எப்படி இருக்கும்?"

எழுத்தைப் பார்த்தால் வெளிநாட்டில் இருந்து ஆடி, ஆவணியில் வந்து திருவிழா பார்த்துவிட்டுப் போகிறவர் போலத் தெரிகிறது. இல்லையென்றால் புதிதாகக் கோவில் நிர்வாகசபையில் சேர்ந்தவராக இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் குறை நினைக்கவேண்டாம்.

சண்டைக்கு வருகிறவர்களுக்காக முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கோவிலை இடிக்கச் சொல்கிற ஆள் இல்லை. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு இன்றைக்கும் போகிறேன். என் அப்பா செடில் குத்திக் காவடி எடுத்தவர். 2009 இல் ஷெல் விழுந்த இடங்களில் பாதர்மார் கடைசிவரை சனத்தோடு நின்றதை அங்கே இருந்தவர்கள் யாரும் மறக்கமாட்டோம். அதெல்லாம் இருக்கட்டும். நான் எழுதப்போவது வேறு. யார் நல்லவர், யார் எந்த இடத்தில் நிற்கலாம் என்று தீர்மானிக்கிற அதிகாரத்தை மதத்தின் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை என் வீட்டுக்குள்ளேயே பார்த்தேன்.

அக்காவின் கணவர் 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபின் பெயர் பதிய என்று இராணுவத்தால் கூட்டிப்போகப்பட்டவர். அதோடு சரி. மகளுக்கு அப்போது ஏழு வயது. செட்டிகுளம் முகாமில் இருந்து திரும்பி வந்தபோது வளவில் கிணறு மட்டும்தான் இருந்தது, அதற்குள்ளும் தகரமும் குப்பையும். அக்கா தையல் தைத்தார், கோழி வளர்த்தார், பிறகு குத்தகைக் காணியில் கச்சான் போட்டார். கச்சான் பிடுங்குகிற காலத்தில் நகக்கண்ணில் ஏறுகிற மண் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அந்தக் கையோடுதான் மகளை ஏ.எல். வரைக்கும் படிக்க வைத்தார்.

அத்தான் செத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அக்கா பொட்டு வைத்தார். வைத்தால் "புருசன் இல்லாதவளுக்கு என்னத்துக்குப் பொட்டு" என்றார்கள். வெயிலில் வேலை செய்து வியர்வையில் அழிந்துபோன ஒருநாள், "உயிரோடை இருக்கிறான் எண்டு சொல்லிச் சொல்லியே பொட்டை அழிச்சுப்போட்டாள்" என்றார்கள். இரண்டையும் சொன்னது ஒரே வாய்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம் பேசி, கோவில் மண்டபத்தில் வைப்பதென்று முடிவாயிற்று. ஐயர் நல்ல மனிதர். உரத்துக்கூடப் பேசமாட்டார். நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் சாமான் பட்டியல் எழுதிக்கொண்டே வந்தவர், பேனையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "குறை நினையாதேங்கோ பிள்ளை. தாரை வார்க்கத் தம்பதி வேணும். சித்தப்பாவும் சித்தியும் இருக்கட்டும். நீங்கள் பின்னால நிண்டு பாக்கலாம்." அப்புறம் இன்னொரு வழியும் சொன்னார். காணாமல் போய்ப் பன்னிரண்டு வருடம் கழிந்துவிட்டதாம். தர்ப்பையில் உருவம் செய்து கிரியையை முடித்துவிட்டால் எல்லோருக்கும் ஒரு தெளிவு இருக்குமாம்.

எல்லோருக்கும் தெளிவு! அக்காவுக்கு?

அக்கா சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருந்த நிர்வாகசபைத் தலைவரைப் பார்த்து, "அப்ப அவர் செத்திட்டார் எண்டு கோவில் கடிதத்தலைப்பில எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்றார்.

வெளியூர் ஆட்களுக்கு இது விளங்காமல் போகலாம். கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்பது இராணுவத்தின் கையில் உயிரோடு கொடுத்தவர்களை. அரசாங்கம் நீட்டுவது பேப்பர். 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தில் மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றார்கள். 2016 இல் அதைத் திருத்தி, செத்தாரா இருக்கிறாரா என்று சொல்லாமல் காணாமல் போனார் என்று மட்டும் ஒரு சான்றிதழ் தரலாம் என்றார்கள். மரணச் சான்றிதழை வாங்கினால் விசாரணைக் கோவை மூடப்பட்டுவிடும் என்று பயந்து எடுக்காமல் இருக்கிற பெண்களில் என் அக்காவும் ஒருவர். அரசாங்கம் அத்தனை வருடமாக அவர் வாயில் இருந்து வாங்க முடியாத ஒரு சொல்லை, தர்ப்பையும் எள்ளும் வைத்து வாங்கப் பார்த்தது கோவில்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது சமயக் காரியம். இஞ்ச அரசியல் கதையாதேங்கோ" என்றார்.

இந்தத் தலைவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லையென்றாலும். ஒவ்வொரு திருவிழாவிலும் ஒலிவாங்கியைப் பிடித்தால் பொம்பிளைப் பிள்ளைகளின் உடுப்பைப் பற்றித்தான் பேச்சு. அதே மண்டபத்தில்தான் கிழமைக்கு ஒருநாள் நுண்கடன்காரன் மேசை போட்டு இருந்தான். பெண்கள் வரிசையில் நின்று தவணை கட்டுவார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் இருக்கிற மற்றவர்கள் சேர்த்துக் கட்டவேண்டும், அல்லது அவள் கட்டும்வரை எழும்பிப் போகக்கூடாது. பின்னேரம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து பசியோடு தாயைத் தேடி மண்டப வாசலில் நிற்கும். அக்கா தையல் மெசினை விற்றது அந்தக் காலத்தில்தான். வட்டி பாவம் என்றோ, பெண்களை இப்படி இருத்தி வைப்பது அநியாயம் என்றோ ஒருநாள் ஒலிவாங்கியில் சொல்லிக் கேட்கவில்லை. மண்டபத்துக்கு வாடகை ஒழுங்காக வந்தது. நீங்கள் போதைப்பொருள் என்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் வடித்துப் பிடிபட்டவர் ஆறாம் திருவிழா உபயகாரர். அடுத்த வருடமும் அவருக்குத்தான் கோவில் மரியாதையான முதல் காளாஞ்சி.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

"அது உங்கள் ஊர்ச் சைவர்களின் குறை, மதத்தின் குறை இல்லை" என்று எழுதப் போகிறவர்களுக்கு: அக்காவின் சிநேகிதி ஒருவர் கத்தோலிக்கர், அவர் கணவரும் காணாமல் போனவர். துணை வேண்டும் என்று ஒருவரோடு வாழத் தொடங்கினார். முதல் கணவர் இறந்ததாகக் கருதலாம் என்று ஆயர் அறிவிக்காமல் கோவில் கல்யாணம் கிடையாது. அதுவரைக்கும் நற்கருணையும் கிடையாது. ஞாயிறு பூசையில் எல்லோரும் எழும்பி முன்னுக்குப் போக, அவர் மட்டும் வாங்கில் இருப்பார். அவரை ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு போன ஒரு சபைக்காரர், விசுவாசம் குறைந்ததால்தான் கணவர் திரும்பவில்லை என்று சொன்னாராம். இதற்குமேல் நான் என்ன எழுத.

பெரிய அளவிலும் இதே கதைதான். அரசியலமைப்பின் 9 ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதன் விளைவு என்னவென்று முல்லைத்தீவுக்காரருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2019 செப்டெம்பரில் நீராவியடிப் பிள்ளையார் கோவில் வளவில் ஒரு பௌத்த தேரரின் உடலை எரிக்கக்கூடாது என்று முல்லைத்தீவு நீதிமன்றம் சொன்னது. அதை மீறித் தீர்த்தக்கேணிக்குப் பக்கத்தில் எரித்தார்கள். "மதம் என்றால் சட்டத்துக்கு மேலேயா?" என்று அன்றைக்கு நாங்கள் எல்லோரும் கேட்டோம். சரியான கேள்வி. ஆனால் எங்கள் கோவில் வாசலில் நின்று அதைக் கேட்டால் "சமயக் காரியம்" என்கிறோம். சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் 1957 இல் வந்தது. கோவிலுக்குள் சாதி பார்த்து ஆளைத் தடுப்பது அன்றிலிருந்து குற்றம். 2018 இல் தென்மராட்சியில் ஒரு கோவில் தேரை ஜே.சி.பி. இயந்திரத்தில் கட்டி இழுத்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆள் காணாது என்றது நிர்வாகம். மற்றச் சாதி ஆட்கள் வடம் தொடக்கூடாது என்பதற்காகத்தான் என்றார்கள் ஊர் ஆட்கள்.

கருக்கலைப்புச் சட்டத்தையும் பாருங்கள். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைதான் இன்றைக்கும். தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் மட்டும் அனுமதி. வல்லுறவால் வந்த கருவுக்குக்கூட விலக்கு இல்லை. அதற்கும், கருவில் பாரதூரமான குறைபாடு இருந்தாலும் விலக்குக் கொடுக்கலாம் என்று 2017 இல் ஒரு யோசனை வந்தது. மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள், அது கிடப்பில் போயிற்று. சரியா பிழையா என்று நீங்களும் நானும் விவாதிக்கலாம். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையோடு ஆஸ்பத்திரி வாங்கில் இருக்கிற தாயிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பிள்ளை பெறாத ஆண்களிடம்.

இனிக் கல்யாணம்.

அக்கா கடைசியில் விட்டுக்கொடுத்தார். மகள் அழுகிறாள், மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம். சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்தார்கள். ஆனால் ஐயர் சொன்னதுபோல அக்கா பின்னால் போகவில்லை. முன்வரிசையில் கதிரை போட்டு இருந்தார், சிவப்புச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. பதிவாளர் வந்தபோது சாட்சிக் கையெழுத்தும் அவர்தான் வைத்தார். அதற்குச் சட்டத்தில் தடை இல்லை.

ஆலாத்தி எடுக்கிற நேரம்தான் பிரச்சினை வந்தது. இரண்டு சுமங்கலிகள் வேண்டும். சித்தி சாமி அறைக்குள் எதையோ தேடுகிறார், மற்றவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டும் ஆளைக் காணோம். பொம்பிளை மாப்பிள்ளை வெயிலில் நிற்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மம்மா, எண்பது தாண்டியவர், வெள்ளி தவறாமல் விரதம் பிடிக்கிறவர், நெற்றி நிறைய விபூதி. பொல்லை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "பெத்தவள் இஞ்ச நிக்கிறாள்தானே. அவள் எடுக்கட்டும். எனக்கு வெயிலுக்க நிக்கேலாது." தட்டை அக்காவின் கையில் தானே தூக்கிக் கொடுத்தார். தலைவர் வாயைத் திறந்தார். கிழவி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"பார்த்தீர்களா, அவரும் பக்திமான்தானே, மதம்தானே அந்த நல்ல மனதைக் கொடுத்தது" என்று கேட்பீர்கள். என் மைத்துனர் கேட்டுவிட்டார். அதற்கு என் பதில்: அக்காவைப் பின்னால் நிற்கச் சொன்னதும் அதே மதம்தானே? அம்மம்மாவும் தலைவரும் பாடுவது ஒரே தேவாரம், கும்பிடுவது ஒரே அம்மன். ஒருவர் அதில் இருந்து ஒன்றை எடுத்தார், மற்றவர் இன்னொன்றை எடுத்தார். எதை எடுப்பது, எதை விடுவது என்று கிழவி எதை வைத்து முடிவு செய்தார்? பெற்று வளர்த்தவளைத் தள்ளி நிறுத்துவது நியாயம் இல்லை என்று அவருக்குப் பட்டது. அந்த நியாயம் புராணத்தில் இருந்து வந்திருந்தால் அதே புராணத்தைப் படித்த தலைவருக்கும் வந்திருக்கவேண்டும். நீங்கள் தேடுகிற ஒழுக்கம் அதுதான். மதம் உள்ளவர்களிடமும் இருக்கிறது, இல்லாதவர்களிடமும் இருக்கிறது. சைவநெறிப் பாடத்தில் ஏ எடுத்தவர்களிடம் சிலவேளை இல்லாமலும் இருக்கிறது.

இன்னொரு விடயம். வன்னியில் சனம் அள்ளுகிற கோவில் வற்றாப்பளை. அங்கே இருப்பது கண்ணகி, கணவனை அரசனுக்குப் பலி கொடுத்துவிட்டு நியாயம் கேட்டுப் போன பெண். உப்புநீரில் அவளுக்கு விளக்கு எரிகிறது, விடிய விடியச் சனம் கால்கடுக்க நிற்கிறது. அப்படியொரு பெண் உயிரோடு வந்து மணவறைக்குப் பக்கத்தில் நின்றால் விடுவீர்களா என்று தலைவரிடமே கேட்டேன். "அம்மன் பத்தினி, அது வேறை" என்றார். எப்படி வேறை என்று இன்றுவரை சொல்லவில்லை.

களவும் போதையும் கூடியதற்குக் காரணம் தேடுகிறீர்கள் என்றால் உழைக்க வேலை இல்லாததையும், தகப்பன் இல்லாத வீடுகளையும், பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால் அன்று இரவே வீட்டுக்குக் கல் விழுவதையும் பாருங்கள். உண்டியலில் தேடாதீர்கள்.

தலைவர் இப்போது ராஜகோபுரத்துக்கு நிதி சேர்க்கிறார். அக்கா கச்சான் விற்ற காசில் ஐயாயிரம் ரூபா கொடுத்துவிட்டு வந்தார். பற்றுச்சீட்டில் அத்தானின் பெயரை எழுதச் சொன்னாராம், தலைவரும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். காசு வாங்கும்போது மட்டும் ஆள் உயிரோடு இருக்கிறார் போல. ஏன் கொடுத்தாய் என்று கேட்டால் அம்மனுக்குக் கொடுத்தது, தலைவருக்கு இல்லை என்கிறார் அக்கா. அந்த ஐயாயிரத்துக்கு ஒரு பழைய தையல் மெசினுக்கு முற்பணம் கட்டியிருக்கலாம் என்று நான் சொல்கிறேன். இதில் இன்னும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.