கூகுள் சர்ச் கன்சோல்ல "ஸ்ட்ரக்சர்டு டேட்டாவ பார்ஸ் பண்ண முடியல"ன்னு வருது, ஆத்தங்குடி டைல்ஸ் விக்கிற சைட், எங்க பாக்கணும்?

காரைக்குடியில பலகாரக் கடை, டைல்ஸ் பட்டறைன்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத் தான் சைட் பண்ணிக் குடுக்கறேன், இந்த எர்ரர் அடிக்கடி கைக்கு வரும். ஸ்ட்ரக்சர்டு டேட்டான்னா பொருளோட பேரு, விலை, ஸ்டாக்க கூகுளுக்குப் புரியற மாதிரி பக்கத்துக்குள்ள எழுதி வைக்கற குறிப்பு, பார்ஸ்னா அதப் படிச்சுப் பிரிக்கறது. நீங்க டைல்ஸ்ன்னு சொன்னதுமே எனக்கு முதல் சந்தேகம் இன்ச் குறி மேல தான்.

உங்க பொருள் பேரு "ஆத்தங்குடி டைல்ஸ் 10" பூ டிசைன்" இப்படி இருக்கா பாருங்க. ஜேசன்ல (JSON, அந்தக் குறிப்ப எழுதற வடிவம்) பேரு டபுள் கோட்டுக்குள்ள (" ") தான் இருக்கும், 10க்கு அப்புறம் வர்ற அந்த இன்ச் குறியும் அதே டபுள் கோட்டு தானே, அதோட பேரு முடிஞ்சிருச்சுன்னு கூகுள் எடுத்துக்கும், அடுத்து கமா வரும்னு பாத்தா "பூ டிசைன்"னு வரும், அவ்வளவுதான், விலை ஸ்டாக் படம் எல்லாம் சரியா இருந்தாலும் அந்தக் குறிப்பு முழுசையும் தள்ளிவிட்டுரும். பக்கம் பாக்கறவங்களுக்கு நல்லாத் தான் தெரியும், அதனால மாசக்கணக்குல யாரும் கவனிக்கறதே இல்ல, எனக்கு அது தான் ரொம்ப வருத்தம். இன்ச்ன்னு எழுத்துலயே போடுங்க, இல்லாட்டி குறிக்கு முன்னாடி \ போடணும்.

அது இல்லன்னா விவரம் எழுதற இடத்தப் பாருங்க. முதலாளி வாட்ஸ்அப்ல வரி வரியா அனுப்புனத அப்படியே ஒட்டியிருப்பாங்க, கோட்டுக்கு நடுவுல என்டர் தட்டுன வரி வந்தா ஜேசன் ஏத்துக்காது. வேர்டுல இருந்து ஒட்டுனதால நேர் டபுள் கோட்டு இருக்க வேண்டிய இடத்துல வந்த வளைஞ்ச கோட்டு, கடைசி ஐட்டத்துக்கு அப்புறம் மிஞ்சுற கமா, இதுங்களும் தான்.

செக் பண்றதுக்கு முதல்ல ஸ்கீமா டாட் ஆர்க்கோட (schema.org, இந்தக் குறிப்புக்கான பொது விதிகள் இருக்கற தளம்) வேலிடேட்டர், அப்புறம் கூகுளோட ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட். பழைய வீடியோல காட்டுற கூகுளோட ஸ்ட்ரக்சர்டு டேட்டா டெஸ்டிங் டூல தேடாதீங்க, அது 2021லயே ஸ்கீமா டாட் ஆர்க் பக்கம் போயிருச்சு. கோட (code) மட்டும் ஒட்டிப் பாக்கறத விட லைவ் பக்கத்தோட லிங்க்க குடுத்துப் பாருங்க, ஏன்னா தீமும் (சைட்டோட டிசைன்) பிளகினும் (கூடுதலா சேத்த மென்பொருள்) சேர்ந்து கடைசில என்ன துப்புதோ அது தான் கூகுளுக்குப் போகுது.

இன்னொண்ணு, விலைய ₹1,250ன்னு போடாம வெறும் 1250ன்னு போட்டு கரன்சிய தனியா குடுங்க. இது பார்ஸ் எர்ரர் இல்ல, ஆனா அடுத்து வர்ற எர்ரர் அதுவாத் தான் இருக்கும்.

ஒவ்வொரு பொருளாத் திருத்திக்கிட்டு இருக்காதீங்க, தயவுசெஞ்சு எல்லாப் பொருள் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட்டயே மாத்தச் சொல்லுங்க. வேர்ட்பிரஸ்னா டெவலப்பர்கிட்ட கையால கோட்டு போட்டு ஒட்டாம பிஹெச்பியோட ஜேசன் என்கோட் ஃபங்ஷன்ல விடச் சொன்னாப் போதும், இன்ச் குறி, என்டர் எல்லாத்தயும் அதுவே பாத்துக்கும். சோர்ஸ்ல தமிழ் எழுத்தெல்லாம் எழுத்தும் நம்பரும் கலந்த குறியீடா மாறித் தெரியும், பயப்படாதீங்க, அதுவும் சரியான ஜேசன் தான். மாத்துனப்புறம் சர்ச் கன்சோல்ல வேலிடேட் ஃபிக்ஸ் அமுக்குங்க, ரெண்டு வாரம் வரைக்கும் ஆகலாம், சில சமயம் அதுக்கு மேலயும் இழுக்கும்.