வைஃபை இருக்கு, நெட் வரல: வாசகர் கேள்விகள்

கே: லேப்டாப் ‘கனெக்டட்’ என்கிறது. இன்டர்நெட் இல்லை. பக்கத்து சீட்டில் வருகிறது. (அம்பத்தூர்)

ப: கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) அடியுங்கள். ஐபி 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டர் முகவரி தரவில்லை. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மறுபடி அதேதான் என்றால் டிஹெச்சிபி ரேஞ்ச், அதாவது ரவுட்டர் பகிர்ந்து தர வைத்திருக்கும் முகவரிகள், தீர்ந்திருக்கும். நூறு முகவரியை வைத்துக்கொண்டு 50 பேர் ஆளுக்கொரு லேப்டாப், இரண்டு போன் என்று ஏறினால் வேறென்ன ஆகும்? ரேஞ்சை 200 ஆக்குங்கள். வந்துபோகிறவர்கள் அதிகமா, ஒரு முகவரி ஒருவரிடம் இருக்கும் லீஸ் நேரத்தையும் குறையுங்கள். ரீசெட் ஓட்டையில் மட்டும் குண்டூசி விடாதீர்கள். நெட் கம்பெனிக்காரர் போட்டுத் தந்த யூசர்நேம் வரை எல்லாம் அழிந்துவிடும்.

கே: வைஃபை வேலை செய்யவில்லை. அவசரம். (தி. நகர்)

ப: ஒரு கம்ப்யூட்டரிலா, எல்லாவற்றிலுமா? போனில் வருகிறதா? திரையில் என்ன வாசகம்? இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு ஜோசியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கே: பத்து நிமிஷம் சும்மா விட்டால் வைஃபை துண்டித்துக்கொள்கிறது. (பெருங்குடி)

ப: டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டர், பவர் மேனேஜ்மென்ட், மின்சாரம் மிச்சப்படுத்த அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள்.

கே: காலையில் ஓடிய நாலைந்து கம்ப்யூட்டர்களில் மதியம் நெட் இல்லை. பிரின்டரும் தெரியவில்லை. மூலை அறைக்கு சிக்னல் வராததால் எம்.டி. வீட்டுப் பழைய ரவுட்டரைக் கேபிளில் மாட்டியிருக்கிறோம். (கிண்டி)

ப: வியாதியைக் கடைசி வரியில் ஒளித்துவைத்து எழுதுகிறீர்கள். வீட்டு ரவுட்டரை ஆபீஸ் கேபிளில் அப்படியே செருகாதீர்கள் என்று எத்தனை முறைதான் எழுதுவது! அதுவும் ஒரு டிஹெச்சிபி சர்வர். லீஸ் முடிந்தோ ரீஸ்டார்ட் ஆகியோ வருகிற கம்ப்யூட்டர், யார் முந்திப் பதில் சொல்கிறார்களோ அவர்களிடம் முகவரி வாங்கிக்கொள்ளும். ஓடுவதிலும் ஓடாததிலும் ஐபிகான்ஃபிக் போட்டு டீஃபால்ட் கேட்வேயை (நெட்டுக்குப் போகும் வாசலான ரவுட்டரின் முகவரி) ஒப்பிடுங்கள். ஒன்றில் 192.168.1.1, மற்றதில் 192.168.0.1 என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். பிரின்டர் தெரியாததும் அதனால்தான்.

முதலில் பழைய ரவுட்டரைக் கழற்றுங்கள். ஒரு லேப்டாப்பை நேராக அதில் மாட்டி, ரவுட்டரின் ஐபியை ஆபீஸ் வரிசையிலேயே யாருக்கும் ஒதுக்காத எண்ணாக மாற்றுங்கள், 192.168.1.250 மாதிரி, டிஹெச்சிபி ரேஞ்சுக்கு வெளியே. பிறகு அதன் டிஹெச்சிபியை அணையுங்கள். கேபிளை ‘வான்’ போர்ட்டில் அல்ல, ‘லேன்’ போர்ட்டில் செருகுங்கள். கெட்டுப்போன கம்ப்யூட்டர்களை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். இதற்கும் குண்டூசி வேண்டாம்.

கே: சிக்னல் முழுசாக இருக்கிறது, வேகம் இல்லை. (மண்ணடி)

ப: நெருக்கமான கட்டடம், அக்கம்பக்கத்துக் கடை ரவுட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதும். 5-க்கு மாறுங்கள்; சுவர் தாண்டினால் பலம் குறையும். 2.4தான் வழியென்றால் சேனல் 1, 6, 11-ல் கூட்டம் குறைந்தது ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ரவுட்டர் இரும்பு பீரோவுக்குள் இல்லையே?

கே: ஒரு பழைய டெஸ்க்டாப் மட்டும் சர்டிஃபிகேட் சரியில்லை என்று ஆபீஸ் வைஃபையில் சேர மறுக்கிறது. பாஸ்வேர்ட் சரிதான். (ராயப்பேட்டை)

ப: கம்ப்யூட்டர் தேதியைப் பாருங்கள், பல வருஷம் பின்னால் நிற்கும். சர்டிஃபிகேட் செல்லும் காலத்தை அந்தத் தேதியை வைத்துத்தான் பார்க்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சிஆர்2032 பேட்டரி (மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் பட்டன் பேட்டரி) வாங்கி மாற்றி, தேதியைக் கையாலேயே திருத்துங்கள். நெட் இல்லாமல் அது தானாகத் திருத்திக்கொள்ளாது.