கொழும்பு வெள்ளவத்தை கெஸ்ட் ஹவுஸைக் குத்தகைக்கு எடுக்க முற்பணம் கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஆறு அறையும் வருடம் முழுக்க நிரம்புகிறது என்று உரிமையாளர் காட்டிய கொப்பி அவரே எழுதியது. பெரும்பாலும் டிசம்பர் சீசன் கணக்காக இருக்கும்.

கடந்த 12 மாதக் கரண்ட் பில்லைக் கேளுங்கள். ரூபாயை விடுங்கள், கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், யூனிட்டைப் பாருங்கள். நான் பார்த்த ஓர் இடத்தில், ‘ஹவுஸ்ஃபுல்’ என்ற மாதத்தில் ஒரு சாதாரண வீட்டுக்குரிய யூனிட்கூட ஏறவில்லை! ஏசி அறைகளாம்.

ஆனால் உரிமையாளரும் அதே கட்டடத்தில் குடியிருந்தால் மீட்டர் ஒன்றா, தனித்தனியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் யூனிட் கணக்கும் ஏமாற்றும்.

அப்புறம், காணிப் பதிவகத்தில் உறுதி (சொத்துப் பத்திரம்) யார் பெயரில் என்று தேடுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் சட்டப்படி செல்லாது.