தண்டையார்பேட்டையில் தரைத்தளத்தில் பழைய வீடு. ரெட் ஆக்சைடு தரையை எடுத்துவிட்டு டைல்ஸ் போடலாமா? எப்படிப் பராமரிப்பது?

அங்கங்கே விரிசல் மட்டும்தான் என்றால் தயவுசெய்து உடைக்காதீர்கள். விரிசலை அடைத்து, பாலிஷ் போட்டால் அந்தச் சிவப்புத் தரை இன்னும் பல வருடம் உழைக்கும். அந்த வழவழப்பும் குளிர்ச்சியும் எனக்கு எந்த டைல்ஸிலும் கிடைத்ததில்லை.

தரை இறங்கியிருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் முதலில் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் காசு வீண். வடசென்னையில் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெருக்கள் நிறைய. மரத் தரை, லேமினேட் பக்கமே போகாதீர்கள், உப்பிவிடும்.

என் தேர்வு விட்ரிஃபைடு டைல்ஸ், அதாவது அதிக சூட்டில் சுட்டு கண்ணாடி போல இறுக்கமாக்கிய டைல்ஸ். அது உறிஞ்சும் நீர் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. ஒரே பேட்சில் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். பிறகு தேடினால் நிறம் சேராது. கொத்தனார் நான்கு மூலையில் மட்டும் கலவை வைத்து ஒட்டினால் விடாதீர்கள். உள்ளே காற்று நின்று, கனமான பொருள் விழுந்தால் உடையும். காய்ந்ததும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், 'டொக் டொக்' என்று கேட்டால் மாற்றச் சொல்லுங்கள். பாத்ரூமுக்குச் சொரசொரப்பான டைல்ஸ்தான்.

துடைக்க லேசான சோப்புத் தண்ணீர் போதும். ஆசிட் இடுக்கு சிமென்ட்டை அரிக்கும். மார்பிள், கடப்பா கல்லின் பளபளப்பே போய்விடும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.