பலாலி ஓடுபாதை: கேட்டவையும் சொன்னவையும்

நான் வசாவிளான் பக்கத்தவன். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்ட பிறகு, வெளிநாடுகளில் சின்ன விமான நிலையங்களில் தரைப்பணி பார்த்தே காலம் போய்விட்டது. யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். பழக்கதோஷத்தில் பலாலி என்றே சொல்வேன், குறை நினைக்க வேண்டாம்.

கேள்வி (தெல்லிப்பழை): ஐயா, பலாலியை ஆமிக்காகத்தான் கட்டினார்கள் என்று அப்பா சொல்கிறார். உண்மையா?

பதில்: அப்பா சொல்வது பாதி சரி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராயல் விமானப்படை போட்ட தளம் இது. போர் முடிந்ததும் பொதுமக்கள் விமானத்துக்கு வந்துவிட்டது. 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, அப்புறம் மதராசுக்குப் போனது. அந்தக் காங்கேசன்துறை விமான நிலையம்தான் நம் பலாலி. வந்தது ஒரு டகோட்டா, அதாவது டிசி-3. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்க இன்னும் 2 மாதம் இருந்தது. இலங்கையின் சொந்த விமான சேவை முதல்நாள் பறந்தபோதே நம்மூரில் தரித்துத்தான் போயிருக்கிறது. இதைச் சொன்னால் கொழும்பு நண்பர்கள் நம்பவே மாட்டார்கள்.

கேள்வி (கனடா): அண்ணா, ஜனவரியில் வந்தபோது தோட்டங்களுக்கு மேலாக வந்து இறங்கினோம். ஜூலையில் கடல் பக்கத்தால் இறங்கினோம். விமானி மாறியதாலா?

பதில்: விமானி இல்லை தம்பி, காற்று. பலாலி ஓடுபாதையின் இரு முனைகளிலும் 05, 23 என்று எழுதியிருக்கும். பின்னால் ஒரு சுழியம் சேர்த்துப் பாருங்கள்: 50 பாகை வடகிழக்கு, 230 பாகை தென்மேற்கு. இப்போது நம் காற்றுகளை நினையுங்கள். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆனி, ஆடியில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும். விமானம் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்க வேண்டும். அப்போதுதான் தரை வேகம் குறையும், ஓடும் தூரமும் குறையும். ஆகவே வாடைக்கு 05, தரைப் பக்கத்தால் வரும். சோளகத்துக்கு 23, கடல் பக்கத்தால் வரும். மயிலிட்டிக் கடலில் பாய்மரப் படகோட்டிய கிழவர்களுக்குத் தெரிந்த இரண்டு காற்றுகளும் தாரில் கோடாகக் கிடக்கின்றன. என்னைக் கேட்டால் இந்தத் தளத்தில் மிக அழகான விஷயம் இதுதான்.

கேள்வி (சென்னை): ஏறப்போகும்போது இடது பக்க விசிறி நின்றிருந்தது, வலது பக்க விசிறியும் நின்றிருந்தது, ஆனால் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பயமாகிவிட்டது சார்.

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. நீங்கள் ஏறியது ஏடிஆர் 72, இரண்டு விசிறி எஞ்சின் உள்ள சின்ன விமானம். பெரிய விமானங்களின் வாலில் மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் தனியாக ஒரு சின்ன எஞ்சின் இருக்கும். ஏடிஆரில் அது கிடையாது. அதனால் வலது எஞ்சினை ஓடவிட்டு, அதன் விசிறியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்பார்கள். இதற்கு நாங்கள் 'ஹோட்டல் மோட்' என்போம். பயணிகள் கதவும் சாமான் கதவும் இடது பக்கம் இருப்பதால் ஆபத்து இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஏடிஆரில் ஆட்கள் ஏறுவது பின்கதவால். எல்லோரும் ஒரேயடியாக வாலில் ஏறினால் மூக்குத் தூக்கிவிடும். அதற்காக வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கம்பு கொடுத்திருப்பார்கள். கிளம்புமுன் அதை எடுத்தாயிற்றா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். நான் புதிதில் வேலை பார்த்த ஓரிடத்தில் அதை எடுக்க மறந்து, மேலதிகாரி ஓடிவந்து கத்திய கத்து இன்னும் காதில் நிற்கிறது.

கேள்வி (லண்டன்): லண்டனிலிருந்து நேரே பலாலிக்கு எப்போது வரலாம்? ஏன் பெரிய விமானம் விடுகிறார்களில்லை?

பதில்: அதிகம் பேர் கேட்டது இதைத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச நிலையமாகத் திறந்தபோது, பழைய ஓடுபாதையில் ஏடிஆர் மாதிரியான விமானத்துக்குப் போதுமான பகுதியைத்தான் புதுப்பித்தார்கள். ஏடிஆர் 72 முழுப் பாரத்தோடு எழும்ப ஏறக்குறைய 1,300 மீட்டர் போதும். ஏ320 என்ற ஜெட் விமானத்துக்கு முழுப் பாரம் என்றால் 2,100 மீட்டர் பக்கம் வேண்டும். நம் வெயிலில் இன்னும் கூடும், சூடான காற்று விமானத்தைத் தூக்காது. லண்டன் வரை போகும் விமானம் அதைவிடப் பெரியது.

ஓடுபாதை மட்டும் நீண்டால் போதாது. விமானத்தின் நீளத்தைப் பார்த்துத்தான் தீயணைப்பு வகையே முடிவாகிறது. 27 மீட்டர் நீளமுள்ள ஏடிஆர் 5ஆம் வகை. ஒரு தீயணைப்பு வண்டி போதும். 37 மீட்டரைத் தாண்டும் ஏ320 வந்தால் 6ஆம் வகை. குறைந்தது இரண்டு வண்டி, அதற்கேற்ற ஆட்கள், நுரை, தண்ணீர். எங்கே தீப்பிடித்தாலும் 3 நிமிடத்துக்குள் வண்டி போய்ச் சேர வேண்டும். இந்தச் செலவை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு விமானத்தை வைத்துச் சமாளிக்க முடியாது.

அப்புறம் காணி. ஓடுபாதையை நீட்டுவது என்றால் யாரோ ஒருவரின் செம்மண் தோட்டத்தின் மேலேதான் நீட்ட வேண்டும். 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்குச் சனம் துண்டு துண்டாகத்தான் காணியைத் திரும்பப் பெற்றது. இன்னும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு விமானம் பிடிக்கும், ஆனால் அந்தச் சனத்தைக் கேட்காமல் ஓர் அடிகூட நீட்டக்கூடாது என்பதே என் கட்சி.

கேள்வி (வவுனியா): போர்க் காலத்தில் சனம் இங்கிருந்து பறந்ததா?

பதில்: பறந்தது. அதற்கு விலையும் கொடுத்தது. 1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து கொழும்புக்குக் கிளம்பிய லயன் எயார் அன்ரனோவ்-24 மன்னார்க் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. இருந்த 55 பேரும் இறந்தார்கள். சிதைவுகளை 2012இல்தான் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் கண்டுபிடித்தார்கள். 2002இல் சமாதானம் பேசியபோது பயணிகள் விமானம் மறுபடி வந்தது. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டதும் விமானத்தையும் கப்பலையும் விட்டால் வெளியே போக வழியில்லை. 2009இல் பாதை திறந்தது, 2014இல் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வரை வந்தது. அதோடு கொழும்பு விமானத்துக்கு ஆள் குறைந்துவிட்டது.

கேள்வி (திருச்சி): எங்கள் ஊரிலிருந்தும் விமானம் உண்டா?

பதில்: உண்டு. 2025 மார்ச் 30இல் இண்டிகோ தொடங்கியது. நேர்க்கோட்டில் 200 கிலோமீட்டரும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போவதைவிடக் கிட்ட.

கேள்வி (நல்லூர்): அங்கிள், திடீரென்று சேவையை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? அதை நினைத்தாலே முன்பதிவு செய்யப் பயம்.

பதில்: நியாயமான பயம், பிள்ளை. அலையன்ஸ் எயார் 2019 நவம்பர் 11இல் சென்னை சேவையைத் தொடங்கி நாலு மாதத்தில் கோவிட் வந்து நின்றது. மறுபடி வந்தது 2022 டிசெம்பர் 12இல். 2024 செப்ரெம்பர் 1இலிருந்து இண்டிகோவும் சென்னையிலிருந்து வருகிறது. சின்ன நிலையத்தின் நோய் இதுதான்: ஒரு விமானம் ரத்தானால் மாற்றி ஏற்றிவிட இன்னொன்று நிற்காது. வைத்தியத்துக்கோ விசா நேர்முகத்துக்கோ போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாகப் போங்கள். பெரிய விமானம் வாரத்துக்கு ஒன்று வருவதைவிட, சின்ன ஏடிஆர் தினமும் நேரத்துக்கு வருவதுதான் எனக்குப் பெரிது. தினமும் வந்தால்தான் சனம் நம்பி டிக்கெட் எடுக்கும், சுங்கத்திலும் குடிவரவிலும் ஆளைக் கூட்டுவார்கள்.

கேள்வி (இணுவில்): பேரப்பிள்ளைகளுக்கு விமானம் இறங்குவதைக் காட்ட எங்கே நிற்கலாம்?

பதில்: வேலியோரம் வேண்டாம். அது இன்னும் விமானப்படைத் தளம். கமராவைத் தூக்கினால் கேள்வி வரும். சோளகம் அடிக்கிற மாதங்களில் பலாலிக் கரையோரம் கூட்டிப் போங்கள். சென்னை விமானம் வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு வடக்குப் பக்கம் கடலைப் பார்த்திருங்கள். முதலில் ஒரு புள்ளி தெரியும்.