ஆஃப்ரோடு அலாய் வீலின் போல்ட்டுகள் துருப்பிடிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

கேட்டவர் தன் ஜீப்புக்கு வெளிக்கடையில் பீட்லாக் மாதிரியான அலாய் வீல் வாங்கி மாட்டியிருக்கிறார். கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகிறவர். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் போல்ட் தலையெல்லாம் பழுப்பேறி, வீலில் கறை வழிகிறது. கிரீஸ் தடவலாமா, பெயின்ட் அடிக்கலாமா, ஸ்டெயின்லெஸ் போல்ட்டாக மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

முதலில், எந்த போல்ட் என்று பாருங்கள். ஒரு வீலில் மூன்று விதம் இருக்கலாம். ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றுக்கு ஆபத்து.

விளிம்பைச் சுற்றி வரிசையாகத் தெரிபவை பெரும்பாலான வீல்களில் வெறும் அலங்காரம். நிஜ பீட்லாக்கில் டயரின் ஓரத்தை ஒரு தனி வளையம் வெளியிலிருந்து கவ்விக்கொண்டிருக்கும். மணலுக்காகக் காற்றை 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறக்கினாலும் டயர் வீலை விட்டு நழுவாது. அந்த வளையத்தை இறுக்கிப் பிடிப்பதுதான் அந்த இருபது முப்பது போல்ட்டுகளின் வேலை. போலியில் அதே இடத்தில் ஆழமில்லாத துளை போட்டுச் சின்ன போல்ட்டைத் திருகியிருப்பார்கள். வளையத்துக்கும் வீலுக்கும் நடுவே இடைவெளிக்கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் நிஜம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று இருக்கும்போது அந்த போல்ட்டைத் தொடவே கூடாது. சந்தேகமாக இருந்தாலும் அப்படித்தான். மூன்றாவது விதம், வீலை வண்டியோடு பிணைக்கிற வீல் நட்டு.

சரி, துரு ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது? கடைகளில் கிடைக்கும் சாதா போல்ட்டின் மேல் இருப்பது பெரும்பாலும் 5 முதல் 8 மைக்ரான் துத்தநாகப் பூச்சு. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது சந்தேகம். ஏர் கன்னில் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டு ஒரு முறை கழற்றி மாட்டினாலே தலையின் மூலைகளில் அந்தப் பூச்சு போய்விடும். துரு அங்கேதான் முதலில் எட்டிப் பார்க்கும்.

அடுத்தது உப்பு. கடல் உப்பில் சோடியம் குளோரைடு மட்டுமில்லை, மெக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றில் ஈரப்பதம் சுமார் 33 சதவீதம் இருந்தாலே அது ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். அதனால் வண்டி வீட்டு வாசலில் சும்மா நின்றாலும், உப்பு படிந்த போல்ட் நாள் முழுக்க நனைந்தபடிதான் இருக்கிறது. தனுஷ்கோடி, ஈசிஆர் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே கழுவச் சொல்வது இதனால்தான்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதும் முக்கியம். நான் திருவான்மியூர்க்காரன். எங்கள் பக்கம் போர் தண்ணீரே உப்பு. அது போதாதென்று, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைப் பிடித்து வைத்து வண்டி கழுவுகிறவர்கள் ஏராளம். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தானே இருக்கிறது! அதைக் கழிவறைக்கு ஊற்றுங்கள். வீலுக்குக் கடைசியாக ஒரு பக்கெட் மெட்ரோ வாட்டரோ மழைத் தண்ணீரோ ஊற்றி, துணியால் துடைத்துவிட்டால் போதும்.

வாட்டர் வாஷ் கடையில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். வீல் பளிச்சென்று ஆக வேண்டுமென்று சில இடங்களில் நேர்த்த ஆசிட்டைத் தெளிக்கிறார்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் துருவோடு சேர்த்துத் துத்தநாகப் பூச்சையும் தின்றுவிடும், அலுமினியத்தையும் அரிக்கும். தலையில் 10.9, 12.9 என்று அடித்திருக்கும் வலுவான போல்ட்டுக்குள் ஆசிட்டால் ஹைட்ரஜன் புகுந்து, பார்வைக்கு ஒன்றும் தெரியாமலே அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகவும் செய்யும். வண்டியை விடும்போதே "வீலுக்கு ஷாம்பு மட்டும் போடுங்கண்ணே" என்று சொல்லிவிடுவது என் வழக்கம்.

இப்போது அலங்கார போல்ட். இங்கே நமக்கு முழுச் சுதந்திரம். துரு லேசாக இருந்தால் கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகம் கலந்த ஸ்பிரே பிரைமர் அடித்து, மேலே கறுப்போ வெள்ளியோ பெயின்ட் அடியுங்கள். கொஞ்ச காலம் தாங்கும். எனக்குப் பிடித்த வழி மொத்தமாக மாற்றிவிடுவது. இரும்புக்கடையில் போய் "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் கேட்டால் ஏ2 ரகத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். கடற்காற்றில் அதிலும் டீக்கறை போலப் பழுப்பு படரும். தலையில் ஏ4 என்று அடித்திருப்பதைக் கேளுங்கள். 316 ரகம் என்பதும் அதுதான். அதில் மாலிப்டினம் இருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும்.

கறுப்பாக இருந்தால் வீலுக்கு அழகாக இருக்கும் என்று சிலர் 12.9 ஆலன் போல்ட் வாங்கி மாட்டுகிறார்கள். அந்தக் கறுப்பு வெறும் ஆக்சைடு பூச்சு. எண்ணெய் தடவியிருக்கும் வரைதான் அதற்கு மரியாதை. கடலோரத்தில் இதைவிட மோசமான தேர்வு கிடையாது.

ஸ்டெயின்லெஸ் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அரிபடுவது அலுமினியம். மரைக்குள் வெள்ளைப் பொடி கட்டி, போல்ட் அப்படியே உறைந்துபோகும். பிறகு கழற்றப் போனால் தலை முறியும், துளை நாசமாகும். ஆகவே இரண்டு உலோகத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு வேண்டும். படகுக்காரர்கள் இதற்கு டெஃப்-ஜெல் மாதிரியான பசையைத் தடவுகிறார்கள். நான் நீல நிற திரெட் லாக்கர் போடுகிறேன். அது மரையின் இடுக்கை நிரப்பித் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளும், போல்ட்டும் ஆடிக் கழன்று விழாது, சாதாரண ஸ்பேனரிலேயே கழற்றவும் முடியும். சிவப்பு லாக்கர் வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும்.

நிஜ பீட்லாக் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் பரிந்துரைக்க மாட்டேன். ஏ4-70 என்றால் இழுவிசை வலு 700 மெகாபாஸ்கல், 10.9 போல்ட்டுக்கு 1000. வளையம் தயாரித்தவர் சொன்ன தரத்திலேயே வாங்குங்கள். ஜியோமெட் மாதிரித் துத்தநாகச் செதில் பூச்சு உள்ளது கிடைத்தால் சாதா முலாமைவிட எத்தனையோ மேல். மரைக்கு ஆன்டி சீஸ் (மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) தடவுவதா, உலர்வாக இறுக்குவதா, எத்தனை முறுக்கு என்பதெல்லாம் தயாரிப்பாளர் சொல்வதுதான். துரு ஏறியதைத் தேய்த்துத் திரும்ப மாட்டாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். அந்த போல்ட்டுகள் தேய்ந்தால் மாற்றுவதற்கென்றே இருப்பவை.

அப்புறம் வீல் நட்டு. இதற்கு கிரீஸ் கேட்பவர்கள்தான் அதிகம், என் பதில் "வேண்டாம்". நட்டை இறுக்க நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ 90 சதவீதம் உராய்வுக்கே போய்விடுகிறது. மிச்சம்தான் ஸ்டட்டை, அதாவது நட்டு ஏறும் மரைத்தண்டை, இழுத்துப் பிடிக்கும் விசையாகிறது. மரையிலும் கூம்பு முகத்திலும் கிரீஸ் பட்டால் உராய்வு குறைந்து, அதே அளவு முறுக்கில் இழுவிசை எக்கச்சக்கமாகக் கூடிவிடும். ஸ்டட் நீண்டு முறியக்கூட வாய்ப்புண்டு. என் ஜிம்னிக்கு 100 நியூட்டன் மீட்டர் என்று இருப்பது எண்ணெய் இல்லாத மரைக்கான கணக்கு. துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, உலர்வாகவே மாட்டுங்கள். நட்டு உட்காரும் குழிவிலும், வீல் ஹப்போடு ஒட்டும் முகத்திலும் பெயின்ட் கூடாது. நாளடைவில் பெயின்ட் நசுங்கிப் பிடி தளரும். நடுத்துளை விளிம்பில் மட்டும் மெல்லிசாக கிரீஸ் தடவலாம், வீல் ஹப்போடு ஒட்டிக்கொள்ளாது.

நட்டு வாங்கும்போது குரோம் தகட்டுத் தொப்பி போட்ட இரட்டை நட்டைத் தவிர்த்துவிடுங்கள். தொப்பிக்குள் தண்ணீர் புகுந்து உள்ளேயே துருப்பிடித்து உப்பிவிடும். அப்புறம் நடுரோட்டில் பஞ்சரானால் வண்டியோடு வந்த ஸ்பேனர் அதில் ஏறாது. ஒரே துண்டாகச் செய்த நட்டு வாங்கி, மேலே ரப்பர் மூடி போட்டால் நிம்மதி. பஞ்சர் கடையில் ஏர் கன் எடுத்தால், கையால் இறுக்கச் சொல்லுங்கள். பூச்சும் பிழைக்கும், முறுக்கும் அளவோடு இருக்கும். புதிதாக மாட்டிய அலாய் என்றால் ஒரு 100 கிலோமீட்டர் ஓடியதும், முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்த்துவிடுங்கள்.

போல்ட்டெல்லாம் சுத்தமாக இருந்தும் வீல் முகத்தில் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அது முன் வீல்களில் மட்டும்தானா என்று பாருங்கள். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள வண்டிகளில் அது பெரும்பாலும் பிரேக்கிலிருந்து தெறித்த இரும்புத்தூள்தான், போல்ட்டின் துரு இல்லை. அயர்ன் ரிமூவர் அடித்தால் ஊதா நிறமாகி வழிந்துவிடும். அதற்காக போல்ட் மாற்றிக் காசைக் கரைக்க வேண்டாம்.