ஏதென்ஸ் அகோரா: முதலில் மண்டபம், பிறகு கற்கள்

கேள்வி: வயதான அப்பாவுடன் ஏதென்ஸ் போகிறேன். அக்ரோபோலிஸ் பார்த்தபின் அரை நாள் மிச்சம் இருக்கிறது. பழைய சந்தையான அகோராவில் வெறும் கற்கள்தான் கிடக்கின்றன என்கிறார்கள். போகலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். கற்கள் கிடப்பது உண்மைதான். அவற்றை எப்போது பார்ப்பது என்பதுதான் விஷயம்.

அருகிலேயே ‘ரோமன் அகோரா’ என்று வேறொன்று இருக்கிறது. பெயரை நம்பி அங்கே நுழைந்துவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது ‘பண்டைய அகோரா’. மொனாஸ்டிராக்கி மெட்ரோவில் இறங்கி அட்ரியானு தெருவில் சிறிது தூரம் நடந்தால் போதும்.

உள்ளே போனதும் இடப்பக்கம் நீளமான இரண்டடுக்கு மண்டபம் தெரியும். இன்றைய துருக்கியில் இருந்த பெர்கமோன் நாட்டின் அரசர் இரண்டாம் அட்டலோஸ் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கொடுத்த கொடை. இப்போது நிற்பது 1950களில் பழைய அடித்தளத்தின்மேல் மீண்டும் எழுப்பியது. ‘புதுக் கட்டடம்தானே’ என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. சந்தை மண்டபம் எவ்வளவு நிழல் தரும் என்பது அங்கே நின்றால்தான் புரிகிறது. அப்பாவை அங்கேயே உட்கார வைக்கலாம்.

அருங்காட்சியகமும் அதற்குள்தான். நாடு கடத்த வேண்டியவரின் பெயரைக் கீறி வாக்களித்த பானை ஓடுகளைத் தேடிப் பாருங்கள்; ஏதென்ஸின் புகழ்பெற்ற தளபதி தெமிஸ்டோக்ளீஸின் பெயர்கூட இருக்கிறது. நீதிமன்றத்தில் பேச்சுக்கு நேரம் அளந்த மண்பானை நீர்க்கடிகாரத்தையும் விடாதீர்கள். அடியில் உள்ள துளை வழியாகத் தண்ணீர் வடிந்து முடிய ஏறக்குறைய ஆறு நிமிடம். வழக்காடுபவர் அதற்குள் முடித்தாக வேண்டும்.

அதன்பிறகு எதிர்மேட்டில் உள்ள, நெருப்புக்கும் உலோகத் தொழிலுக்கும் கடவுளான ஹெபஸ்டஸின் கோயில். பல நூற்றாண்டுகள் தேவாலயமாகப் புழங்கியதால் இடிபடாமல் தப்பியது. மேட்டிலிருந்து பார்த்தால் சந்தை முழுவதும் வரைபடம்போல விரியும். கீழே வட்டமாகத் தெரியும் அடித்தளம், ஆட்சிமன்றத்தின் ஐம்பது பேர் அரசுச் செலவில் சாப்பிட்ட கட்டடம்.

அதற்குத் தெற்கே இறங்கினால் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு கல் இருக்கும். பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். ‘நான் அகோராவின் எல்லை’ என்று அதில் எழுதியிருக்கிறது; கி.மு. 500ஐ ஒட்டிய காலத்தது. பக்கத்து வீட்டைத் தோண்டியபோது செருப்பு ஆணிகள் குவியலாகக் கிடைத்தன. ‘சைமனுடையது’ என்று பெயர் கீறிய கிண்ணத்துண்டும் கிடைத்தது. சாக்ரடீஸ் அடிக்கடி போய்ப் பேசிய செருப்புத் தொழிலாளியின் பெயரும் சைமன்தான்.

பாதைக் கற்கள் தேய்ந்து வழுக்கும். பிடிமானமுள்ள காலணி அவசியம். கோடையில் காலையிலேயே போய்விடுங்கள். திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும் என்பதால் முந்தைய நாள் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.